திருகோணமலையிலிருந்து புற ஊதா லேசர் மேசை வரை: முதல் தடவை போகிறவர்களுக்கு

திருகோணமலை உப்புவெளியில் மத்தியான வெயிலில் பத்து நிமிடம் நின்றால் உங்கள் தோலுக்குள் ஒரு மூலக்கூற்றின் வளையம் உடைந்து திறக்கும். விற்றமின் டி உருவாகும் வழியில் அதுதான் முதல் அடி. அதைச் செய்வது வெயிலின் சூடு இல்லை, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். சூரியன் அந்தக் கதிரை ஒழுங்கில்லாமல் கொட்டுகிறது. ஆய்வுகூடத்திலோ அதே வகை வளையமுள்ள சின்ன மூலக்கூறான சைக்ளோஹெக்சாடையீன் மீது சில பத்து பெம்டோசெக்கன் நீளத் துடிப்பைப் போட்டு, அந்தத் துடிப்பில் எந்த நிறம் முன்னே வரவேண்டும், எது பின்னே வரவேண்டும் என்று அடுக்கி, வளையம் திறப்பது கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறார்கள். துடிப்பை வடிவமைப்பது என்பது இதுதான்.

ஒரு செக்கனைப் பத்து இலட்சத்தால் வகுத்து, வருவதை இன்னும் நூறு கோடியால் வகுத்தால் ஒரு பெம்டோசெக்கன். 30 பெம்டோசெக்கனில் ஒளி ஓடும் தூரம் 9 மைக்ரோமீற்றர். தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு.

நான் திருகோணமலையில் படித்து, இப்போது ஜேர்மனியில் இப்படி ஒரு மேசையில் வேலை செய்கிறேன். இங்கே வந்து சேரவும், சேர்ந்த பிறகு முதல் உருப்படியான அளவீட்டை எடுக்கவும் தேவைக்கு மேலே கிட்டத்தட்ட இரண்டு வருடம் போனது. அதில் பாதி கடதாசி வேலையில் போனது, மீதி கண்ணாடித் துண்டுகளில் போனது. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன். கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்ட முதல் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வாசலால் போவது

மூன்று வருடப் பொதுப் பட்டம் மட்டும் உள்ளவர்கள் நேரே பி.எச்டிக்கு விண்ணப்பித்து மாதங்களை வீணாக்க வேண்டாம். ஜேர்மனியில் பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். நான்கு வருட விசேட பட்டம் வைத்திருப்பவர்களிடமும் கேட்பார்கள். நான் இதை மூன்று மறுப்புக் கடிதங்களுக்குப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

இடைப்படி பல உண்டு. இத்தாலியின் திரியெஸ்த் நகரிலுள்ள அப்துஸ் சலாம் சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம் வளரும் நாட்டு மாணவர்களுக்காகவே ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறது. கட்டணம் இல்லை, உதவித்தொகையும் தருகிறார்கள். அதே மையம் வருடாவருடம் பெப்ரவரி அளவில் ஒளியியலுக்கான குளிர்காலக் கல்லூரி ஒன்றும் நடத்தும். இரண்டு வாரத்தில் உங்கள் கையில் ஒரு பட்டமும் வராது. ஆனால் லேசர்காரர்கள் பத்துப் பேரோடு பேசிவிட்டு வருவீர்கள், பிறகு மின்னஞ்சல் எழுதும்போது அது எவ்வளவு பெறுமதி என்று தெரியும். இந்தியாவுக்குப் போக விருப்பமானவர்களுக்குக் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் இருக்கிறது. வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள் பேராதனையில் முதுமாணி செய்துவிட்டும் போகலாம்.

திரியெஸ்த் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம்: பெர்மி என்ற கட்டற்ற இலத்திரன் லேசர் அந்த நகரில்தான் இருக்கிறது. அதைத் தொடக்கிவிடும் புற ஊதாத் துடிப்பின் அவத்தையை (phase, அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) மாற்றினால், வெளியே வரும் இன்னும் குறுகிய அலைநீளத் துடிப்பின் அவத்தையும் மாறும். அதை வைத்து ஹீலியம் அணுக்களைக் கட்டுப்படுத்திய முடிவு 2024 இல் வெளியானது. நீங்கள் படிக்கப் போகும் வித்தை ஒரு மூலையில் முடங்கிய விஷயம் இல்லை என்று வீட்டில் விளங்கப்படுத்த இது உதவும். எங்கள் அம்மாவுக்கு உதவவில்லை, அது வேறு கதை.

2. வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியது

லேசர் இல்லாமல் துடிப்பை வடிவமைக்கப் பழகலாம். ஒரு பழைய மடிக்கணினியும் பைதன் என்ற கணினி மொழியும் போதும். கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடும் அளவுக்குச் சின்னக் கணிப்பு.

நம் புற ஊதாத் துடிப்பின் அலைநீளமான 267 நானோமீற்றரை மையமாக வைத்து மணி வடிவமான ஒரு கோசிய நிறமாலையை எடுங்கள். துடிப்பு 30 பெம்டோசெக்கனாக வரவேண்டுமென்றால் நிறமாலையின் அகலம் சுமார் 3.5 நானோமீற்றர் இருக்க வேண்டும். இதே 30 பெம்டோசெக்கனுக்கு, அந்தப் புற ஊதாவை உண்டாக்கும் மூல லேசரின் 800 நானோமீற்றரில் 31 நானோமீற்றர் வரை தேவை. அந்த வித்தியாசத்தைக் கையால் ஒரு தடவை கணித்துப் பாருங்கள், புத்தகத்தில் வாசித்தால் மனதில் நிற்காது. இப்போது ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒரு அவத்தையைச் சேர்த்து, நிறமாலையை நேரத்துக்கு மாற்றும் கணக்கான போரியர் மாற்றம் செய்து நேரத்தில் பாருங்கள். இருபடி அவத்தை கொடுத்தால் துடிப்பு நீளும். முப்படி கொடுத்தால் ஒரு பக்கத்தில் மட்டும் குட்டிகள் போடும். நிறமாலையின் நடுவில் அவத்தையில் π அளவுக்கு ஒரு படிக்கட்டு வைத்தால் துடிப்பு இரண்டாகப் பிளக்கும். சைன் வடிவம் கொடுத்தால் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக வரும்.

இங்கே ஒரு பொறி. நேரச் சாளரத்தைச் சிறிதாக எடுத்தால் வலப்பக்கம் வெளியே போன துடிப்பு இடப்பக்கத்தால் உள்ளே வந்து நிற்கும். நான் அதைப் புதிய பௌதிகவியல் என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். சாளரத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். விடை மாறினால் அது கணினியின் விளையாட்டு.

லேசரின் நிறத்தை மாற்றும் பளிங்குகளின் கோணம், தடிப்பு எல்லாம் கணிக்க எஸ்.என்.எல்.ஓ. என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

ஒரே கடிதத்தை அறுபது பேருக்கு அனுப்புவது வேலை செய்யாது. நான் அனுப்பினேன், இரண்டு பதில் வந்தது, இரண்டும் தானியங்கிப் பதில். பிறகு ஐந்து குழுக்களை மட்டும் தெரிந்து, ஒவ்வொன்றின் கடைசி இரண்டு கட்டுரைகளை வாசித்து, அவர்கள் பாவிக்கும் துடிப்பு வடிவமைப்பி எந்த வகை என்று கண்டுபிடித்து, அதற்குரிய என் கணிப்பு வரைபடம் ஒன்றை இணைத்து எழுதினேன். மூன்று பதில் வந்தது.

கடிதம் ஒரு பக்கம். முதல் வரியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். "மதிப்புக்குரிய ஐயா, நான் சிறு வயதிலிருந்தே" என்ற பாணி நம் ஊரில் மரியாதை, அங்கே அந்த வரியைத் தாண்டி வாசிக்க மாட்டார்கள். இலத்திரனியல் கை வேலை தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள். சால்டரிங் தெரிந்த பிள்ளையை எந்த லேசர் கூடமும் வேண்டாமென்று சொல்லாது.

4. ஆவணங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள். ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும், பட்டச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் நிலை. என் தகப்பன் பெயரில் ஒரு ஆங்கில எழுத்து கூடிப் போனதால் ஒரு அலுவலகத்தில் என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவைதான் சத்தியக்கடதாசி கொண்டு வந்தால் போதும் என்று வாயைத் திறந்தார்கள். ஆகவே கடவுச்சீட்டுக்குப் போக முன்னரே எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டில் எப்படி வருகிறதோ அதையே இனி எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். குடும்பப் பெயர் எது, கொடுத்த பெயர் எது என்று ஐரோப்பியப் படிவம் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று இல்லைதான். ஒரு தடவை முடிவெடுத்துவிட்டு மாற்றாமல் இருந்தால் சரி.

பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். நகரில் பிறந்தவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். தமிழில் இருக்கும் சான்றிதழைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். மூன்று பிரதிக்குக் குறையாமல் வாங்குங்கள், பிறகு ஒவ்வொன்றாக வாங்கப் போனால் காசும் நாளும் இரட்டிப்பாகும். மொழிபெயர்ப்பில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி வந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லை வரை ஓட வேண்டியதில்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, ஹொரவப்பொத்தானை வழியாக விடியற்காலை பஸ் பிடித்தால் காலையிலேயே போய்ச் சேரலாம். கட்டணம் சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒரு நாள் சேவைக்கு 20,000 ரூபா. சாதாரண சேவை என்றால் எவ்வளவு நாள் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள், அதனால் மற்ற எந்த வேலைக்கும் முதல் இதைத் தொடங்குங்கள்.

பல்கலைக்கழகப் பெறுபேற்று விபரத்தை மூடி முத்திரையிட்ட உறையில் குறைந்தது நான்கு எடுங்கள். உறையைத் திறக்காதீர்கள். திறந்தால் அது வெறும் போட்டோ கொப்பிக்குச் சமம். ஆங்கில மூலம் படித்தேன் என்ற கடிதத்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையே தேவைப்படாமல் போகலாம். பரீட்சை எழுதுவதானால் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லுபடியாகும், ஆசைப்பட்டு முதலாம் வருடத்திலேயே எழுதி வைக்க வேண்டாம்.

5. காசு

பி.எச்டியையும் முதுமாணியையும் ஒரே கணக்கில் போடுவதால்தான் வீட்டில் பயம் வருகிறது.

முதுமாணிக்குப் போவதானால் ஜேர்மன் விசாவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். மாதத்துக்கு 992 யூரோ வீதம் வெளியே எடுக்கலாம். அந்தக் காசு உங்களுடையதுதான், கட்டணம் இல்லை. ஆனால் முதலில் முழுதாகப் போட வேண்டும், அதுதான் கஷ்டம். பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பம் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பின் ஊடாகப் போகும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே தவணையில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆறு இடத்துக்குப் போட்டால் 225 யூரோ. ஆசைக்குப் பத்து இடம் போட வேண்டாம்.

பி.எச்டி என்பது அங்கே பெரும்பாலும் வேலை. ஒப்பந்தம், சம்பளம், காப்புறுதி எல்லாம் உண்டு. போதிய சம்பளம் காட்டும் ஒப்பந்தம் கையில் இருந்தால் முடக்கப்பட்ட கணக்குத் தேவையில்லை. பௌதிகவியலில் முழுநேரப் பதவி என்று சொல்லாமல் அரை, முக்கால் பதவி என்று கொடுப்பது வழமை. அரைச் சம்பளத்துக்கு முழு வேலைதான், அதில் ஏமாற்றம் வேண்டாம். நீண்டகால விசாவின் கட்டணம் 75 யூரோ.

குளிர்காலக் கல்லூரி போன்ற குறுகிய பயணத்துக்கு ஷெங்கன் விசா, 90 யூரோ. ஆய்வுக் கருத்தரங்குக்குப் போகும் ஆய்வாளருக்கு அந்தக் கட்டண விலக்கு சட்டத்திலேயே இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் "ஆய்வாளர்" என்ற சொல்லையும் நிகழ்வின் தன்மையையும் தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் "பங்குபற்றுநர்" என்று எழுதிவிடுவார்கள்.

கணக்கில் யாரும் சேர்க்காத செலவு ஒன்று: கொழும்புப் பயணம். எனக்கு ஐந்து தடவை போனது. இரவு ரயிலில் போய், காலையில் வேலையை முடித்து, இரவு ரயிலிலேயே திரும்பினால் தங்குமிடச் செலவு மிஞ்சும். முகம் மட்டும் விசாப் படத்துக்கு ஏற்றதாக இருக்காது, படத்தை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

6. நாட்காட்டி

ஒக்டோபரில் தொடங்கும் முதுமாணிக்கு முந்திய வருடம் ஒக்டோபரிலேயே கடவுச்சீட்டும் மொழிபெயர்ப்பும் முடிந்திருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் நமக்கு மழை, பஸ் நம்ப முடியாது, அலுவலகங்களும் விடுமுறை மனநிலையில் இருக்கும். விண்ணப்பங்கள் வசந்த காலத்தில், அனுமதி வந்த அன்றே விசா நேரத்துக்குப் பதிவு. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசியுங்கள். நேர ஒதுக்கீட்டுக்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருக்க நேரிடும். பி.எச்டி பதவிக்குத் தவணை கிடையாது, எந்த மாதமும் தொடங்கலாம். அதனால் விசா தாமதமானால் தொடக்கத் திகதியைத் தள்ளித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

7. முதல் வாரம்: கண்

போய்ச் சேர்ந்தாயிற்று. இனி மேசை.

வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நெருப்பைப் பார்த்த பையனுக்கு ராத்திரி என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கண்ணுக்குள் மணல் போட்டது மாதிரி உறுத்தும், தண்ணீர் ஓடும். 267 நானோமீற்றர் செய்வதும் அதேதான். விழித்திரைக்குப் போகாமல் கருவிழிப் படலத்திலேயே உறிஞ்சப்படும், வலி மணிக்கணக்கு கழித்துத்தான் வரும். அதே மேசையில் 800 நானோமீற்றரும் ஓடுகிறது. அது நேரே விழித்திரைக்குப் போகும், வலியே இல்லாமல் பார்வையை எடுத்துவிடும். ஒரு கண்ணாடி இரண்டுக்கும் போதுமா என்று கண்ணாடியின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் அலைநீள வீச்சைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், சாமி கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்து எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

267 ஐக் கண்ணால் காண முடியாது. வெள்ளை விசிற்றிங் கார்ட் ஒன்றை வைத்தால் கடதாசியில் உள்ள வெண்மையாக்கி நீலமாக ஒளிரும், கதிர் எங்கே என்று தெரியும். கார்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்தாதீர்கள்.

8. எந்த வடிவமைப்பி

அடிப்படை ஒன்றுதான். ஒரு கிரேட்டிங் துடிப்பை நிறங்களாகப் பிரிக்கும், வில்லையோ வளைந்த ஆடியோ அவற்றை ஒரு தளத்தில் வரிசையாக நிறுத்தும், அங்கே ஒரு முகமூடி ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் தாமதப்படுத்தும் அல்லது மங்கவைக்கும், பிறகு அதே மாதிரி இன்னொரு சோடி எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்கும். 800 நானோமீற்றரில் அந்த முகமூடி திரவப் பளிங்காக இருக்கும். புற ஊதாவில் வழமையான திரவப் பளிங்கு கதிரை உறிஞ்சும், காலப்போக்கில் கெட்டும் போகும். அது மலிவான சாமானும் இல்லை. கூடத்துக்குள் புதிதாக வந்தவர் உற்சாகத்தில் 267 ஐ அதற்குள் அனுப்பினால் அன்றோடு அவர் பெயர் கூடத்தில் நிலைத்துவிடும்.

அதனால் வேறு வழிகள். உருகிய சிலிக்காவில் ஒலி அலையை ஓடவிட்டு அதையே முகமூடியாக்கலாம், ஒலி ஓடிக்கொண்டிருப்பதால் துடிப்பு வரும் கணத்தோடு அதைச் சரியாகப் பொருத்த வேண்டும். சிறு ஆடிகளின் வரிசையைப் பாவிக்கலாம், கதிர் எந்தப் பொருளுக்குள்ளும் போகாது என்பது பெரிய நன்மை, ஆனால் அது முக்கியமாக அவத்தையைத்தான் மாற்றும். கே.டி.பி. பளிங்கு ஒன்றுக்குள்ளேயே ஒலியையும் ஒளியையும் சேர்த்து ஓடவிடும் கருவி உண்டு, டாஸ்லர் என்ற பெயரில் விற்பது அந்த வகை. கிரேட்டிங்கும் வேண்டாம், ஆடியும் வேண்டாம், ஒரு பெட்டி. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், உங்கள் கூடத்தில் ஏற்கனவே இருந்தால். வாங்கச் சொல்லி யாரையும் கேட்க வேண்டாம்.

கடைசி வழி, 800 இலேயே வடிவமைத்துவிட்டு அந்த வடிவத்தைப் பளிங்குகளின் ஊடாகப் புற ஊதாவுக்கு மாற்றுவது. 800 இன் மீடிறனை இரண்டு மடங்காக்கினால் (இதுதான் இரண்டாம் மடங்கு) அலைநீளம் பாதியாகி 400, அதோடு இன்னொரு 800 ஐக் கலந்தால் 267. கலக்கும் மற்றத் துடிப்பு நீளமாகவும் நிறமாலை ஒடுக்கமாகவும் இருந்தால் நீங்கள் எழுதிய அவத்தை அப்படியே போய்ச் சேரும். மற்றத் துடிப்பும் அகலமானதாக இருந்தால் இரண்டின் அவத்தையும் கலந்து குழம்பும், நீங்கள் எழுதியது ஒன்று, வந்தது இன்னொன்று. பளிங்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த பளிங்கு அதிக புற ஊதா தருகிறது என்று சந்தோஷப்பட்டால், நிறமாலை ஒடுங்கி, வடிவமைக்க ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

இழப்பையும் கணக்குப் போடுங்கள். ஒரு கிரேட்டிங் 60 வீதம் தருகிறது என்றால் இரண்டும் தாண்டும்போது 36 வீதம். ஆடிகளும் முகமூடியும் இன்னும் எடுக்கும்.

9. கண்ணாடித் துண்டு என்ற எதிரி

எனக்கு ஆறு மாதம் போனது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உருகிய சிலிக்கா ஒரு மில்லிமீற்றருக்கு 800 நானோமீற்றரில் சுமார் 36 சதுர பெம்டோசெக்கன் அளவு துடிப்பை விரிக்கும். 267 இல் அதே ஒரு மில்லிமீற்றர் சுமார் 200. ஐந்து மில்லிமீற்றர் யன்னல் ஒன்றை எடுங்கள். அதனூடாக 800 நானோமீற்றர், 30 பெம்டோசெக்கன் துடிப்புப் போனால் 34 ஆக வெளியே வரும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். 267 நானோமீற்றர் துடிப்போ 30 ஆக உள்ளே போய் 97 ஆக வெளியே வரும். மூன்று மடங்கு. இதை 2 ஆம் பகுதியில் செய்த உங்கள் பைதன் கணிப்பில் போட்டுப் பாருங்கள், வரும்.

நான் வடிவமைப்பிக்கு முன்னால் அழகான குறுகிய துடிப்பை அளந்துவிட்டு, மூலக்கூறு இருக்கும் இடத்திலும் அதுதான் இருக்கிறது என்று நம்பினேன். இடையில் ஒரு வில்லை, வெற்றிடக் குடுவையின் யன்னல், ஒரு அரை ஆடியின் அடித்தளம். எல்லாம் சேர்த்து ஒன்பது மில்லிமீற்றர் சிலிக்கா. நான் "கட்டுப்படுத்துகிறேன்" என்று நினைத்த முதல் மூன்று மாதமும் வடிவமைப்பி செய்தது அந்த ஒன்பது மில்லிமீற்றரைச் சமாளித்தது மட்டும்தான்.

ஆகவே: வில்லைக்குப் பதில் வளைந்த ஆடி. யன்னல் தவிர்க்க முடியாவிட்டால் கல்சியம் புளோரைட்டு, முடிந்தளவு மெல்லியது. சிலிக்காவைவிட அது குறைவாக விரிக்கும், அதோடு இன்னொரு நன்மை. 267 இன் இரண்டு போட்டோன் சேர்ந்தால் 9.3 இலத்திரன் வோல்ற், அது சிலிக்காவை உறிஞ்ச வைக்கப் போதும், கல்சியம் புளோரைட்டை வைக்கப் போதாது. மேசையில் உள்ள ஒவ்வொரு பொருளின் தடிப்பையும் வேர்னியரால் அளந்து ஒரு அட்டவணையாகச் சுவரில் ஒட்டுங்கள். யாராவது ஒரு ஆடியை மாற்றினால் அட்டவணையும் மாற வேண்டும். ஆடியில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பசை புற ஊதாவில் பிசினாகி ஒட்டிவிடும்.

10. அளந்த பிறகுதான் வடிவம்

800 இல் பழகியவர்கள் துடிப்பை அளக்க இரண்டாம் மடங்குப் பளிங்கை வைப்பார்கள். 267 இன் இரண்டாம் மடங்கு 133 நானோமீற்றர். அதை உண்டாக்கித் தரும் வழமையான பளிங்கு கிடையாது, காற்றும் அதைத் தன்னூடாக விடாது. இதை யோசிக்காமல் பளிங்கு தேடி அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

எளிய வழி: சுருக்கமாக இருக்கும் 800 துடிப்பில் கொஞ்சம் பிரித்தெடுத்து, 267 உடன் ஒரு மெல்லிய பி.பி.ஓ. பளிங்கில் சந்திக்க வையுங்கள். இரண்டின் வித்தியாச மீடிறன் 400 நானோமீற்றரில் வரும், அதை மலிவான நிறமாலைமானியே பார்க்கும். தாமதத்தை மாற்றி மாற்றி நிறமாலை எடுத்தால் துடிப்பின் முழு வடிவமும் கிடைக்கும். உதவிக்கு வேறு துடிப்பு இல்லாதபோது சுயகோணல் முறை, அதில் துடிப்பு தன்னைத்தானே மெல்லிய சிலிக்காத் தட்டில் அளக்கும். அதற்குச் சக்தி அதிகம் தேவை.

எங்கே அளக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மூலக்கூறு இருக்கும் இடத்தில், அல்லது அதே தடிப்புக் கண்ணாடியைத் தாண்டிய பின்.

11. மூலக்கூறும் கற்கும் கணினியும்

இப்போது கணினி பல வடிவங்களைப் போட்டுப் பார்த்து, நல்லதை வைத்து, கெட்டதை விட்டு, தானாகத் தேடும் முறைக்கு வருகிறோம். செக்கனுக்கு 1000 துடிப்பு, ஒரு வடிவத்துக்கு 1000 துடிப்புச் சராசரி என்றால் ஒரு செக்கன். ஒரு தலைமுறைக்கு, அதாவது ஒரு தேடல் சுற்றுக்கு, 40 வடிவம், 50 தலைமுறை என்றால் 2000 செக்கன், அரை மணிக்கு மேல். அந்த அரை மணிக்குள் லேசர் நகரும், அறையின் குளிரூட்டி ஏறி இறங்கும். ஐந்து தலைமுறைக்கு ஒரு தடவை வடிவமைக்காத துடிப்பையும் ஓடவிட்டு, அந்த எண்ணும் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் நிறுத்துங்கள்.

முகமூடியின் நூற்றுக்கணக்கான பிக்சலையும் கணினியிடம் அவிழ்த்து விடாதீர்கள். இருபடி, முப்படி, இரட்டைத் துடிப்பின் இடைவெளி என்று மூன்று இலக்கம் மட்டும் கொடுங்கள். வந்த விடையை உங்களால் விளங்கிக்கொள்ள முடியும். சைக்ளோஹெக்சாடையீன் வளையம் 200 பெம்டோசெக்கன் அளவில் திறந்து முடிந்துவிடுகிறது. பத்து பிக்கோசெக்கன் (பத்தாயிரம் பெம்டோசெக்கன்) நீள வடிவத்தைத் தேடுவதில் என்ன வேலை?

அப்புறம் இந்தத் துறையின் பெரிய பொறி. மென்மையான கதிரில், ஒரு போட்டோன் மட்டும் உறிஞ்சப்படும்போது, தனித்த மூலக்கூறு எவ்வளவு கிளர்ச்சியடைகிறது என்பதைத் துடிப்பின் அவத்தை மாற்றாது. நிறமாலையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆகவே அவத்தையை மட்டும் மாற்றி உங்கள் சமிக்ஞை இரண்டு மடங்கானால், சந்தோஷப்பட முன் மூன்று சோதனை செய்யுங்கள். சக்தியைப் பாதியாக்குங்கள், சமிக்ஞையும் பாதியாகிறதா, அல்லது காற்பங்காகிறதா? காற்பங்கானால் இரண்டு போட்டோன் வேலை நடக்கிறது. அடுத்தது, இருபடி அவத்தையின் குறியை மாற்றுங்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே நீளத் துடிப்பு, ஒரே உச்சச் செறிவு. இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் நீங்கள் கட்டுப்படுத்தியது மூலக்கூறை இல்லை, செறிவை.

மூன்றாவது எனக்கு நடந்தது. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தின் கரைசலில் ஒரு நல்ல விளைவு வந்தது, வடிவத்தை மாற்ற மாற்ற அழகாக ஏறி இறங்கியது. குழுக் கூட்டத்தில் காட்டவும் ஆயத்தமாகிவிட்டேன். பக்கத்து மேசை அக்கா ஒருத்தி, "வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தீரா?" என்று கேட்டா. வைத்தேன். டிரிப்டோபன் இல்லாமலே அதே ஏற்றம், அதே இறக்கம். செறிவான புற ஊதாவில் இரண்டு போட்டோன் சேர்ந்து தண்ணீரையே அயனாக்கி இலத்திரனை வெளியே எடுக்கிறது. நான் மூன்று வாரம் கட்டுப்படுத்தியது தண்ணீரை.

வெறும் கரைப்பானை முதல் நாளே ஓடவிட்டு அந்தத் தரவைத் திகதி போட்டு வையுங்கள். கரைசல் வைக்கும் கலத்தின் சுவர் ஒரு மில்லிமீற்றர் என்றால் அதையும் சுவரில் ஒட்டிய அட்டவணையில் எழுதுங்கள். முடிந்தால் கலத்தையே எடுத்துவிட்டு, மெல்லிய படலமாக ஓடும் திரவத்தின் மேல் நேரே கதிரை விடுங்கள். பம்பியின் குழாயை மட்டும் இரவில் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் மேசையெல்லாம் தண்ணீர்.